இரும்புக்கும் நகர இடம் வேண்டும்

செம்பனைக் குலையை மரத்திலிருந்து வெட்டி இறக்கியதுமே அதன் தரம் குறையத் தொடங்குகிறது. பழம் நசுங்கிய இடங்களில் நொதிகள் வேலை செய்து எண்ணெயைச் சிதைக்கின்றன. கட்டற்ற கொழுப்பு அமிலம் கூடுகிறது. ஆகவே குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று தோட்டங்கள் கணக்கு வைத்திருக்கின்றன. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை 1917-இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் கோல சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் தொடங்கினார். 1960களிலிருந்து ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டு ஒவ்வொரு தோட்டமாகச் செம்பனைக்கு மாறியது. பால் வாளிகள் போய், பத்து கிலோவிலிருந்து இருபத்தைந்து கிலோ வரை எடையுள்ள குலைகள் வந்தன. அவற்றைச் சுமக்கக் கனரக டீசல் லோரிகள் வந்தன. லோரி ஓட்டுநராகவும் மெக்கானிக்காகவும் போர்மேனாகவும் தமிழர்கள் அந்த எஞ்சின்களோடு வாழ்க்கையைப் பிணைத்துக்கொண்டார்கள்.

பத்தாங் காலி இந்தப் போக்குவரத்தின் நடுவே இருக்கும் ஊர். ரவாங்கிலிருந்து கோல குபு பாருவுக்குப் போகும் முதலாம் எண் கூட்டரசு சாலை ஊரின் வழியாகப் போகிறது. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் எழும்புகிறது. கெந்திங் மலைக்கு ஒரு சாலை இங்கிருந்தே ஏறுகிறது. மேற்கே தோட்டங்கள் விரிந்து கிடக்கின்றன. முழுச்சுமையோடு ஏற்றம், பிறகு நீண்ட இறக்கம், ஆலை வாசலில் எஞ்சின் ஓடியபடியே காத்திருப்பு, நடுவில் திடீரெனக் கொட்டும் மழை. இப்படி ஒரு நாளில் பலமுறை சூடாகிக் குளிரும் எஞ்சினில் முதலில் அடிவாங்கும் பாகங்களில் ஒன்று எக்சாஸ்ட் மேனிபோல்ட்.

அந்தப் பாகம் ஏன் வெடிக்கிறது, அதை எப்படிச் சீராக்குவது, சீராக்கிய பிறகும் ஏன் மறுபடி வெடிக்கிறது என்பவற்றை விளக்குவதே இந்தக் கட்டுரை. மூன்று கேள்விகளுக்கும் வேர் ஒன்றுதான்: சூடான இரும்பு நீளும். அது நீள்வதற்கு இடம் கொடுத்தால் எஞ்சின் நெடுநாள் ஓடும். இடம் மறுத்தால் இரும்பு தன் வழியைத் தானே வெடித்துத் திறந்துகொள்ளும்.

ஆறு வாசல், ஒரு வழி

கனரக லோரிகளில் பெரும்பாலும் ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும். ஒவ்வொரு சிலிண்டரிலும் எரிந்து முடிந்த வாயு, சிலிண்டர் ஹெட்டின் பக்கவாட்டில் உள்ள வாசல் வழியாக வெளியேறுகிறது. அந்த ஆறு வாசல்களிலிருந்தும் வாயுவைச் சேகரித்து டர்போவுக்குள் செலுத்தும் வார்ப்பிரும்புக் குழாய்த்தொகுதிதான் எக்சாஸ்ட் மேனிபோல்ட்.

இதைக் கழிவு வெளியேறும் குழாய் என்று மட்டும் நினைப்பது தவறு. டீசலிலிருந்து கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, வெப்பமாக இந்த வாயுவோடு வெளியேறிவிடுகிறது. அதில் ஒரு பகுதியை மீட்டெடுக்கலாம் என்று கண்டவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி. வெளியேறும் வாயுவால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் இணைந்த மற்றொரு சக்கரத்தால் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் யோசனைக்கு 1905-இல் அவர் காப்புரிமை பெற்றார். இன்றைய டர்போவின் தொடக்கம் அது. பின்னாளில் அவரே இன்னொரு நுட்பத்தையும் சேர்த்தார். ஒரு சிலிண்டரின் வாயுத்துடிப்பு மற்றொன்றின் துடிப்போடு மோதாதபடி மேனிபோல்டைப் பிரித்து அமைத்தால், ஒவ்வொரு துடிப்பின் விசையும் டர்போவுக்கு முழுமையாகப் போய்ச் சேரும். பல எஞ்சின்களில் முதல் மூன்று சிலிண்டர்களுக்கு ஒரு வழியும் கடைசி மூன்றுக்கு வேறொரு வழியும் இருப்பது இதனால்தான். எனவே மேனிபோல்டில் விழும் ஒவ்வொரு விரிசலும் டர்போவுக்குச் சேர வேண்டிய ஆற்றலைப் பாதி வழியில் கசியவிடுகிறது.

ஐந்து மில்லிமீட்டர் கணக்கு

சுமையோடு ஏற்றம் ஏறும் டீசல் எஞ்சினில், டர்போவுக்கு முன்னால் வாயுவின் வெப்பம் 600 டிகிரி செல்சியஸைத் தாண்டும். 700 டிகிரியை நெருங்குவதும் உண்டு. மேனிபோல்டின் உலோகம் 500 டிகிரிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வார்ப்பிரும்பு ஒவ்வொரு டிகிரிக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு நீளும். ஒரு மீட்டர் நீள மேனிபோல்ட் 30 டிகிரியிலிருந்து 500 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறத்தாழ ஐந்தரை மில்லிமீட்டர் நீளும்.

அது பூட்டப்பட்டிருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்குள் குளிர்நீர் ஓடுகிறது. ஹெட்டின் வெப்பம் 100 டிகிரியை ஒட்டியே நிற்பதால் அது ஒரு மில்லிமீட்டர்கூட நீள்வதில்லை. இப்படித்தான் இரண்டு பாகங்களுக்கும் நடுவே ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு வேறுபாடு விழுகிறது. நடுவிலிருந்து பார்த்தால் இரு முனைகளிலும் சுமார் இரண்டரை மில்லிமீட்டர்.

பொறியாளர்கள் இந்த நகர்வை எதிர்பார்த்தே மேனிபோல்டை வடிவமைக்கிறார்கள். போல்ட் துளைகளைப் போல்டைவிட அகலமாகத் துளைக்கிறார்கள். போல்ட் தலைக்கு அடியில் குழாய் போன்ற இடைவளையம் வைத்து, நீளமான போல்டைப் போடுகிறார்கள். நீண்ட போல்ட் இழுபட்டு வளைந்து கொடுக்கும். பெரிய எஞ்சின்களில் மேனிபோல்டையே மூன்று துண்டுகளாக்கி, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நழுவும் மூட்டுகளால் இணைக்கிறார்கள். மூட்டுக்குள் இருக்கும் வளையங்கள் வாயுவைத் தடுக்கும், நகர்வைத் தடுக்காது.

அந்த மூட்டுக்குள் கரியும் துருவும் இறுகிவிட்டாலோ, போல்ட்கள் துளையோடு துருப்பிடித்து ஒட்டிவிட்டாலோ நகர்வு நின்றுவிடும். நீள முடியாத இரும்பு, கொதிக்கும் சூட்டில் தன்னைத்தானே நெரித்துக்கொள்கிறது. அந்த வெப்பத்தில் அதன் வலிமை குறைந்திருப்பதால் நெரிசல் நிலைத்துவிடுகிறது, மீள்வதில்லை. எஞ்சின் குளிரும்போது மேனிபோல்ட் முன்பிருந்ததைவிடச் சற்றுக் குட்டையாகிப்போகிறது. குட்டையானது இரு முனைகளிலும் உள்ள போல்ட்களை உள்நோக்கி இழுக்கிறது. ஒவ்வொரு சூடும் குளிரும் இதைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போகும். முதல் சிலிண்டரிலும் ஆறாவது சிலிண்டரிலும் உள்ள போல்ட்கள்தான் அடிக்கடி அறுபடுகின்றன; அதற்குக் காரணம் இதுதான். போல்ட் அறுபடாமல் தாங்கினால், மேனிபோல்ட் வெடிக்கும்.

மழைக்காலத்தில் இன்னொரு தாக்குதலும் சேர்ந்துகொள்கிறது. தேங்கிய நீரில் சக்கரம் பாய்ந்து சூடான மேனிபோல்ட்மேல் நீரை வாரி இறைத்தாலோ, வேலை முடிந்ததும் ஆறவிடாமல் எஞ்சினைத் தண்ணீர் அடித்துக் கழுவினாலோ, வெளிப்பரப்பு நொடியில் சுருங்கும். உட்பகுதி இன்னும் விரிந்தபடியே இருக்கும். மெல்லிய முதல் விரிசலுக்கு இந்த இழுபறியே போதும்.

இரும்புக்குள் இருக்கும் கரி

எல்லா வார்ப்பிரும்பும் ஒன்றல்ல. பழைய எஞ்சின்களின் மேனிபோல்ட் சாம்பல் வார்ப்பிரும்பால் ஆனது. அதில் கரி, மெல்லிய செதில்களாகப் பரவிக் கிடக்கும். தபால்தலைத் தாளில் துளைவரிசை கிழிசலுக்கு வழிகாட்டுவது போல, அந்தச் செதில்கள் விரிசலுக்கு வழிகாட்டுகின்றன.

1943-இல் இன்கோ நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் கீத் மில்லிஸ் என்ற உலோகவியலாளர் உருகிய வார்ப்பிரும்பில் மக்னீசியம் கலந்து பார்த்தார். செதில்கள் உருண்டைகளாகத் திரண்டன. உருண்டைக்குக் கூர்முனை இல்லாததால் விரிசல் எளிதில் ஓடுவதில்லை. அந்த இரும்பு உடையாமல் வளைந்து கொடுத்தது. இன்றைய மேனிபோல்ட்கள் பலவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

சூட்டுக்கு வேறொரு வேலையும் உண்டு. நெடுநேரம் கடும் சூட்டில் இருக்கும்போது சாதாரண வார்ப்பிரும்பின் உட்கட்டமைப்பு மாறிவிடும். கார்பைடு சிதைந்து கரியாகப் பிரியும். இரும்பு கொஞ்சம் பருக்கும். மேற்பரப்பில் துரு செதில் செதிலாக உரியும். இதைத் தடுக்க, நான்கு விழுக்காடு அளவுக்குச் சிலிகானும் ஒரு விழுக்காட்டுக்குள் மாலிப்டினமும் சேர்த்து வார்க்கிறார்கள். சிலிகான் மேற்பரப்பில் காப்புப்படலத்தை உண்டாக்குகிறது. மாலிப்டினம் சூட்டில் வலிமையைத் தக்கவைக்கிறது. இன்னும் கடுமையான வேலைக்கு, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிக்கல் சேர்ந்த வார்ப்பிரும்பும் இருக்கிறது. விலை கூடும், ஆயுளும் கூடும். மாற்றுப் பாகம் வாங்கும்போது வடிவம் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. எந்த உலோகத்தில் வார்த்தது என்றும் கேட்க வேண்டும்.

எஞ்சின் சொல்லும் அறிகுறிகள்

காலையில் குளிர்ந்த எஞ்சினை முடுக்கும்போது டிக், டிக் என்று சீரான தட்டல் கேட்கும். எஞ்சின் சூடேறியதும் அது மறைந்துவிடலாம். இரும்பு விரிந்து விரிசலை மூடிக்கொள்கிறது என்பதே அதற்குப் பொருள். சத்தம் நின்றது, கோளாறு தீர்ந்தது என்று ஓட்டுநர் நிம்மதி அடைவது இங்குதான். மேனிபோல்டும் ஹெட்டும் சேரும் விளிம்பில் கரிக்கோடு தெரிந்தால் அங்கே வாயு கசிகிறது. ஏற்றத்தில் இழுவை குறையும், கரும்புகை கூடும், கேபினுக்குள் புகைநெடி வரும்.

இழுவை குறைவதற்கான காரணம் எளிது. கசிந்த வாயு டர்போவைச் சுழற்றாது. டர்போ மந்தமானால் எஞ்சினுக்குள் போகும் காற்று குறையும். காற்று குறைந்தால் டீசல் முழுதாக எரியாது. புகையும் வெப்பமும் ஏறும். ஏறிய வெப்பம் மேனிபோல்டை இன்னும் வதைக்கும். சிறிய விரிசல் தானே பெரிதாகும் சுழல் இது. தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10 அன்று டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு உயர்ந்தது. மானியச் சலுகை இல்லாமல் ஓடும் லோரியில், கசியும் மேனிபோல்ட் ஒவ்வொரு நாளும் முதலாளியின் பையிலிருந்து பணத்தை எடுக்கிறது. வணிக வாகனங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் சோதனையிலும் கரும்புகை சிக்கல் தரும்.

பாதுகாப்பு இதைவிடப் பெரிது. மலை இறக்கத்தில் கனரக வாகனங்கள் சக்கர பிரேக்கை மட்டும் நம்புவதில்லை. எக்சாஸ்ட் பிரேக், டர்போவுக்குப் பின்னால் வாயுவின் வழியை அடைத்து, எஞ்சினையே இழுத்துப் பிடிக்கும் சுமையாக்குகிறது. அப்போது மேனிபோல்டுக்குள் அழுத்தம் பல மடங்கு ஏறும். விரிசல் வழியே அந்த அழுத்தம் கசிந்தால் எக்சாஸ்ட் பிரேக்கின் பிடி தளரும். சக்கர பிரேக் கூடுதலாக உழைத்துச் சூடாகும். நெடிய இறக்கத்தில் அது உயிரோடு விளையாடும் விஷயம்.

மேனிபோல்டுக்கு அருகே ஓடும் வயர், ரப்பர் குழாய், டீசல் குழாய் எல்லாம் கசியும் வாயுவில் கருகும். செம்பனை லோரிகளில் காய்ந்த நாரும் சருகும் எஞ்சின் இடுக்குகளில் சேர்ந்து கிடப்பது வழக்கம். தீ பிடிக்க வேறென்ன வேண்டும்? கேபினுக்குள் நுழையும் புகையும் சாதாரணமானதல்ல. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் உறுதியாக வகைப்படுத்தியது. நாளெல்லாம் கேபினுக்குள் உட்கார்ந்திருப்பவரின் நுரையீரல்தான் அதன் விலையைக் கொடுக்கிறது.

கழற்றுவதில் பாதி வேலை

பழுதுபார்ப்பில் மிகப் பெரிய சோதனை, கழற்றுவது. ஆண்டுக்கணக்கில் வெந்து துருவேறிய போல்ட்கள் சாவி போட்டதும் அறுந்துபோகும். ஆகவே அவசரம் ஆகாது. முதலில் எஞ்சின் முழுதாக ஆற வேண்டும். துருநீக்கி எண்ணெயை ஒவ்வொரு மரைக்கும் ஊற்றி ஊறவிட வேண்டும். பிறகு போல்டைச் சுற்றியுள்ள இரும்பைக் கேஸ் விளக்கால் சூடாக்கி, கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, முன்னும் பின்னுமாக அசைத்து எடுக்க வேண்டும். எண்ணெய் ஊற்றிய இடத்தில் நெருப்பைக் காட்டும்போது தீயணைப்பானும் காற்றோட்டமும் கட்டாயம்.

போல்ட் அறுந்து, மிச்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து உட்புறமாக வெல்டிங் செய்வது கைதேர்ந்தவர்களின் வழி. வெல்டிங்கின் சூடு துருவின் பிடியை உடைக்கும். நட்டைப் பிடித்துத் திருப்பினால் மிச்சம் வெளியே வரும். ஹெட்டின் மட்டத்துக்கே அறுந்திருந்தால், நட்டநடுவில் புள்ளி குத்தி, சிறிய துளையில் தொடங்கிப் படிப்படியாகத் துளைக்க வேண்டும். துளை சற்றே சாய்ந்தாலும் ஹெட்டின் மரை பாழாகும். அப்போது பெரிதாகத் துளைத்துச் சுருள்மரை செருக நேரிடும்.

பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது வாசல்களுக்குள் துணி அடைத்து வைக்க வேண்டும். மேனிபோல்ட் உடைந்திருந்தால் எல்லாத் துண்டும் கைக்கு வந்ததா என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றை நெருங்கும் வேகத்தில் சுழல்வது. அரிசியளவு இரும்புத் துண்டு உள்ளே போனாலும் அந்தச் சக்கரம் மிஞ்சாது. மிகப் பழைய கேஸ்கெட்களில் கல்நார் இருக்கலாம்; அவற்றைக் காய்ந்த நிலையில் தேய்த்துத் தூசு கிளப்பக் கூடாது. ஈரமாக்கி, முகக்கவசம் போட்டு எடுக்க வேண்டும்.

வெல்டிங்கா, புதியதா?

கழற்றிய மேனிபோல்டைச் சுத்தம் செய்து, நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து, ஃபீலர் கேஜால் வளைவை அளக்க வேண்டும். தயாரிப்பாளர் கையேடு சொல்லும் எல்லைக்குள் இருந்தால் முகத்தை மில்லிங் மெஷினில் சீவி மட்டமாக்கலாம். துண்டுகள் கொண்ட மேனிபோல்டாக இருந்தால் அவற்றைச் சேர்த்துப் பொருத்திய நிலையில் சீவுவது நல்லது. தனித்தனியே சீவினால் ஆறு முகமும் ஒரே மட்டத்தில் நிற்காது. கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காண, சிவப்புச் சாயத்தைப் பூசித் துடைத்து, வெள்ளைப் பூச்சை அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக வெளிப்படும்.

வார்ப்பிரும்பை வெல்டிங் செய்ய முடியாது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். முடியும், ஆனால் அதன் இயல்பை மதித்துச் செய்ய வேண்டும். வார்ப்பிரும்பில் கரி இரண்டரை முதல் நான்கு விழுக்காடு வரை இருக்கும். வெல்டிங் சூட்டில் கரைந்த கரி, வேகமாகக் குளிரும்போது கண்ணாடிபோல் நொறுங்கும் கடினப் படலமாகிவிடும். சாதாரண இரும்பு வெல்டிங் கம்பியைப் போட்டால், போட்ட இடத்தின் ஓரத்திலேயே புதிய விரிசல் ஓடுவது இதனால்தான்.

முறையான வழி இது. விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்த வேண்டும். விரிசலை வாய்க்காலாகக் கிண்டி, உள்ளே ஊறிய எண்ணெயையும் கரியையும் எரித்து நீக்க வேண்டும். முழுப் பாகத்தையும் சுமார் 300 டிகிரி வரை சீராகச் சூடாக்க வேண்டும். நிக்கல் கலந்த கம்பியால், ஒருமுறைக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் போகாமல் போட வேண்டும். நிக்கல் கரியோடு சேர்ந்து கடினமாவதில்லை. இழுத்தால் வளைந்து கொடுக்கும். ஒவ்வொரு துண்டையும் போட்டதும் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் சுருங்கும் இழுவிசை தளரும். கடைசியாகக் காய்ந்த மணலிலோ சுண்ணாம்பிலோ புதைத்து, இரவு முழுக்க ஆறவிட வேண்டும். பிறகு முகத்தைச் சீவ வேண்டும்.

பித்தளைப் பற்றவைப்பு இங்கே உதவாது. மேனிபோல்டின் வேலைச்சூட்டில் அது வலுவிழந்துவிடும். கடையில் விற்கும் பிசின் பூச்சுகளும் அப்படித்தான். விரிசல் போல்ட் துளைகளுக்கு நடுவே ஓடினாலும், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருந்தாலும், இரும்பு செதில் செதிலாக உரிந்திருந்தாலும் வெல்டிங் செலவை மிச்சப்படுத்திப் புதியதை வாங்குவதே அறிவுடைமை. உலோகம் உள்ளுக்குள்ளேயே மாறிவிட்டது. மேலே போடும் வெல்டிங் அதை மீட்காது. மலேசியாவில் ஜப்பானியப் பழைய எஞ்சின் பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றை வாங்குபவர் சாயச் சோதனையையும் மட்டச் சோதனையையும் முடித்துவிட்டே பணம் கொடுக்க வேண்டும்.

பூட்டும்போது செய்ய வேண்டியவை

புதிய கேஸ்கெட், புதிய போல்ட், அதே நீளம், அதே தரம், இடைவளையங்கள் ஒன்றுகூட விடுபடாமல். வெந்து இழுபட்ட பழைய போல்டைத் திரும்பப் போடுவதைவிட வீண் சிக்கனம் இல்லை. மரைகளில் உயர்வெப்பம் தாங்கும் நிக்கல் பசை பூச வேண்டும். நழுவும் மூட்டுகளைக் கரி நீக்கி, புதிய வளையங்கள் போட்டு, கையால் தள்ளினால் நகர்கின்றனவா என்று பார்த்த பிறகே ஏற்ற வேண்டும்.

நடுவிலிருந்து தொடங்கி இரு முனைகளை நோக்கி, இரண்டு மூன்று சுற்றுகளாக, முறுக்குவிசை காட்டும் சாவியால் இறுக்க வேண்டும். ஒரே மூச்சில் முனையை முதலில் இறுக்கினால் மேனிபோல்ட் வளைந்த நிலையிலேயே பூட்டப்பட்டுவிடும். இன்னும் கொஞ்சம் என்று கூடுதலாக முறுக்குவதும் கேடுதான். அப்போது நகர வேண்டிய இரும்பு நகராது. கையேடு கேட்டால், ஒருமுறை சூடாக்கி ஆறவிட்டு மறுபடி சரிபார்க்க வேண்டும்.

ஏன் உடைந்தது?

இத்தனையும் செய்த பிறகு மேனிபோல்ட் மறுபடி வெடித்தால், முதல் பழுதுபார்ப்பில் ஒரு கேள்வி கேட்கப்படாமல் விடுபட்டிருக்கிறது. மேனிபோல்ட் பெரும்பாலும் பாதிக்கப்படும் பாகம். கோளாறின் மூலம் வேறெங்கோ இருக்கும். காற்று வடிகட்டி செம்மண் தூசால் அடைத்திருந்தால் எஞ்சினுக்குக் காற்று குறைந்து வாயுவின் சூடு ஏறும். இன்டர்கூலரின் குழாய் கசிந்தாலும் அப்படியே. டீசல் பம்பில் அளவைக் கூட்டி வைத்தால் இழுவை வரும். கூடவே மேனிபோல்ட் சிவக்கும். டர்போவையும் சைலன்சர் குழாயையும் தாங்கும் தாங்கி உடைந்திருந்தால் அவற்றின் எடை முழுதும் மேனிபோல்டில் தொங்கி, தோட்டச் சாலையின் ஒவ்வொரு குழியிலும் அதை அடிக்கும். ஏற்றம் ஏறி வந்ததும் எஞ்சினை உடனே அணைத்தால் டர்போவுக்குள் எண்ணெய் கருகும், மேனிபோல்டும் சீரற்றுக் குளிரும்; மூன்று முதல் ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட்டு அணைப்பது இரண்டையும் காக்கும்.

இந்தப் பட்டியலில் உள்ள எதற்கும் பெரிய கருவி தேவையில்லை. ஒரு டார்ச் விளக்கும், கொஞ்சம் பொறுமையும், குறித்து வைக்க ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். எந்த லோரியில், எத்தனை கிலோமீட்டரில், எந்தச் சிலிண்டர் பக்கம் போல்ட் அறுந்தது என்று எழுதி வைக்கும் பட்டறைக்கு அடுத்த லோரியின் கோளாறு முன்கூட்டியே தெரியும். சிலாங்கூரின் தோட்டப் பட்டறைகளில் மூத்த போர்மேன்கள் இந்த அறிவை ஆண்டுக்கணக்கில் கையிலும் காதிலும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். மலேசியத் திறன் சான்றிதழ் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அது பாடமாகவும் போய்ச் சேர வேண்டும். போல்டை எப்படிக் கழற்றுவது என்பதைச் செய்துகாட்டிக் கற்றுக்கொடுக்கலாம். அது ஏன் அறுந்தது என்று அந்த ஐந்து மில்லிமீட்டர் கணக்கோடு சேர்த்து விளக்கினால், அந்த இளைஞர் பாகம் மாற்றுபவராக நின்றுவிடாமல் எஞ்சினை அறிந்தவராக வளர்வார். அப்படி ஒருவர் இருக்கும் பட்டறையில் ஒரே லோரி ஒரே கோளாறோடு இரண்டாம் முறை வந்து நிற்காது.